முடிவெடுக்கும் முன் கேளுங்கள்

அன்புள்ள ஐயா,
நான் ஒரு பல்கலைக்கழகத்தில் பிரிவு அலுவலர். அலுவலக நடைமுறைகளைச் சீரமைக்க ஒரு குழு போட்டிருக்கிறார்கள். அதில் ஆசிரியரல்லாத பணியாளர் நான் ஒருவன்தான். கூட்டத்துக்குப் போனால் தீர்மானம் ஏற்கெனவே தட்டச்சாகி இருக்கிறது. கையெழுத்து மட்டும் கேட்கிறார்கள். பேராசிரியர்கள் நடுவே வெறும் அலுவலக ஆள் என்ன பேசிவிட முடியும்? விலகிவிடலாமா? சங்கம் வழியாகப் போகலாமா?
— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருந்த விஷயம் இது. அதனால் உடனே எழுதுகிறேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். ‘வெறும் அலுவலக ஆள்’ என்று உங்களைப் பற்றி நீங்களே எழுதலாமா? அடுத்தவர் சொன்னால் சண்டைக்குப் போகலாம். நீங்களே எழுதிக் கொடுத்தால் உங்களுக்காக யார் பேசுவது?

1973இல் ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம், ஆராய்ச்சியையும் கற்பித்தலையும் நேரடியாகத் தொடும் முடிவுகளில் ஆசிரியரல்லாதவர்களுக்கு வேறுபாடு பாராமல் பங்கு தரக்கூடாது என்றது. சரி, ஓர் ஆய்வேட்டின் தரத்தை நீங்களும் நானும் எடைபோட வேண்டியதில்லை. அர்ஜென்டினாவின் 1995ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டமோ, பல்கலைக்கழக ஆட்சிக் குழுக்களில் ஆசிரியரல்லாதவர்களுக்கும் இடம் வேண்டும் என்கிறது. எவ்வளவு இடம் என்பது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. உங்கள் குழு பேசுவது ஆய்வேட்டைப் பற்றி அல்ல. எந்தக் கோப்பு எந்த மேசைக்குப் போக வேண்டும் என்பதைப் பற்றி. அது உங்களைவிட யாருக்குத் தெரியும்?

எனக்குத் தெரிந்த ஒரு தேர்வுப் பிரிவில் ஓர் அம்மா இருந்தார். கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று வைத்திருப்பார். இடது பக்கம் பழைய பாடத்திட்டத்தின் தாள் எண், வலது பக்கம் அதற்கு இணையான புதிய தாள். இணையே இல்லாதவை சிவப்பு மையில். அரியர் வைத்திருந்த பழைய மாணவர்களின் பிழைப்பே அந்த நோட்டில்தான் இருந்தது. புதிய மென்பொருள் வந்தது. தேர்ந்தெடுத்த குழுவில் பேராசிரியர்கள் இருந்தார்கள், மென்பொருள் நிறுவனத்தார் இருந்தார்கள். அந்த அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. விண்ணப்பம் தொடங்கிய அன்றே பழைய தாள் எண்கள் எதையும் அது ஏற்கவில்லை. பிள்ளைகள் வரிசையில் நின்று அழுதார்கள். அப்புறம்தான் ஆள் அனுப்பினார்கள்: “அந்த நோட்டைக் கொஞ்சம் கொடுங்கம்மா.” அவர் முகம் சுளிக்காமல் எடுத்துக் கொடுத்தார். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

முன்பே கேட்டிருந்தால் பத்து நிமிடத்தில் சொல்லியிருப்பார். நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். தீர்மானம் தட்டச்சான பிறகு கேட்பது, கேட்டதாகக் கணக்குக் காட்டத்தான் உதவும். ஒப்பந்தப்புள்ளி கோரும் முன்பு, வரைவு எழுதும் முன்பு கேட்க வேண்டும். சொன்ன யோசனையை ஏற்காவிட்டால் ஏன் என்று எழுத்தில் பதில் தர வேண்டும். கூட்டத்துக்குப் போகும் நேரத்துக்கு உங்கள் வேலையைப் பார்க்க வேறொருவரை அமர்த்த வேண்டும். திரும்பி வரும்போது மேசையில் கோப்பு மலையாகக் குவிந்திருந்தால் அடுத்த கூட்டத்துக்கு யார் போவார்கள்? இதையெல்லாம் செய்யாமல் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டு ‘பங்கேற்பு’ என்று அறிக்கையில் எழுதிக்கொள்வது அநியாயம்.

பேராசிரியர்கள் கோபித்துக்கொள்வார்களே என்கிற தயக்கத்தை விடுங்கள், கோபித்துக்கொள்ளட்டும். சங்கம் சம்பளத்தையும் பதவி உயர்வையும் பேசட்டும். அதுவும் தேவைதான், ஆனால் இது வேறு வேலை.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். ஆய்வக உதவியாளர், நூலகப் பணியாளர், விடுதிக் காப்பாளர், ஓட்டுநர், ஒப்பந்தத்தில் துப்புரவு செய்பவர் என்று எல்லாருக்குமாகச் சேர்த்துத்தான் அந்த ஒற்றை நாற்காலி. கடைசியாக அவர்களில் யாரைப் போய்க் கேட்டீர்கள்? அடுத்த நிகழ்ச்சி நிரல் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு அவர்களிடம் போங்கள். சொல்வதைக் குறித்துக்கொண்டு, கூட்டத்துக்கு முன்பே குழுத் தலைவருக்கு எழுத்தில் கொடுங்கள். ஏற்காவிட்டால் உங்கள் மறுப்பைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். பதிந்த பிறகு கையெழுத்துப் போட்டால் போதும்.

அன்புடன்.