1985-இல் கல்யாணமான அக்காவுக்கு ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் உள்ள பூர்வீகத் தென்னந்தோப்பில் பங்கு உண்டா?

உண்டு, பழைய பாகப்பிரிவினை எதுவும் குறுக்கே நிற்காவிட்டால்.

சொத்துக்காகப் பெண்கள் கோர்ட் ஏறியது இந்தச் சீமைக்குப் புதிதில்லை. ராமநாதபுரம் ராணி பர்வதவர்த்தினி, கணவர் அனுமதி இல்லாமல் பங்காளிகள் சம்மதத்தோடு எடுத்த தத்து செல்லும் என்று 1868-இல், அன்றைய உச்ச அப்பீல் கோர்ட்டான லண்டன் பிரிவி கவுன்சில் தீர்த்தது. 1937 சட்டம் விதவைக்கு ஆயுள்கால அனுபவம் மட்டும் தந்தது; 1956-இல் அது முழு உரிமையானது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை தமிழ்நாட்டில் 1989-இல்தான் வந்தது. அதிலும் 25.3.1989-க்கு முன் மணமானவர்களைக் கழற்றிவிட்டார்கள். உங்கள் அக்கா சிக்கியது அங்கேதான். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 மத்தியத் திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. அது அமலுக்கு வந்த 9.9.2005 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

20.12.2004-க்கு முன் பதிவான பாகப்பிரிவினையை இந்தத் திருத்தம் தொடாது. ஆகவே முதலில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். ‘சும்மா ஒரு கையெழுத்து’ என்று நீட்டப்படுவது பெரும்பாலும் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமாக இருக்கும். பதிவானபின் ரத்து செய்வது பெரும்பாடு. அப்பா சொந்தமாகச் சம்பாதித்ததை யாருக்கும் உயில் எழுதலாம்.

இதெல்லாம் இந்துக் குடும்பங்களுக்கு. தங்கச்சிமடம் கிறிஸ்தவர்களுக்கு 1925 வாரிசுச் சட்டம், உயில் இல்லையென்றால் மகனும் மகளும் சமம். கீழக்கரை முஸ்லிம் வீடுகளில் மகன் பங்கில் பாதி மகளுக்கு.