ஜனவரிக்குள் ஒரு நாவல் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

காலடிப்பேட்டையில் இருக்கிறேன். வேலை கிண்டியில், தினமும் மெட்ரோவில்தான் போய்வருகிறேன். அம்மாவின் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். 1983-ல் கண்டெய்னர் முனையம் வந்த பிறகு அந்த வேலை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனது என்பதை வைத்து ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜனவரி புத்தகக் காட்சிக்குள் கொண்டுவந்துவிடுவேன் என்று நண்பர்களிடம் சொல்லியும்விட்டேன். காலை ஐந்திலிருந்து ஏழு வரை எழுதுகிறேன்.

இப்படி ஓடிக்கொண்டே இருப்பதும் பிடிக்கவில்லை. சாயங்காலம் மாடியில் சும்மா உட்கார வேண்டும், மகளோடு பேச வேண்டும், நாலு பக்கம் நிதானமாகப் படிக்க வேண்டும் என்று ஆசை. உட்கார்ந்தால் எழுதவில்லையே என்று உறுத்துகிறது. எழுதினால் வாழவில்லையே என்று தோன்றுகிறது. உங்களால் மட்டும் எப்படி முடிகிறது? எதையாவது ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டுமா? முதல் அத்தியாயத்தை உங்களுக்கு அனுப்பலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

விட வேண்டியது ஒன்று இருக்கிறது. ஜனவரி.

உங்களை விரட்டுவது எது என்று பார்த்தால் அந்தத் தேதிதான். நாவல் பாவம், அது ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் சத்தம் எழும்பாத நேரத்தில் தாத்தாவைப் பற்றி ஒரு பத்தி எழுதுகிறீர்களே, உங்கள் நாளில் அதைவிட நிதானமான வேலை வேறு எது? மாடியில் உட்காருவதற்கு அது எப்போதும் இடைஞ்சல் செய்யாது. அட்டை யார் போடுவது, முன்னுரை யாரிடம் கேட்பது, எந்த அரங்கில் புத்தகம் கிடைக்கும், இதெல்லாம்தான் மாடிக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. போதாததற்கு உங்கள் ரயில் தினமும் நந்தனத்தில் நின்றுதான் கிண்டிக்குப் போகிறது. கதவு திறக்கும்போதெல்லாம் புத்தகக் காட்சி நடக்கும் ஒய்.எம்.சி.ஏ. மைதானம் ஞாபகம் வந்தால் மனுஷன் என்ன செய்வான்!

ஏப்ரல் 15-க்கு மேல் ஒரு நாள் காசிமேடு போய்ப் பாருங்கள். ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்தது, 2017-ல்தான் கூட்டினார்கள். படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள், பெயின்ட் அடிப்பார்கள், இன்ஜினைப் பிரித்துப் போட்டிருப்பார்கள். வலைக் குவியலுக்கு நடுவில் ஒருவர் கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்தபடி ஊசியை விட்டு எடுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பார். கண்ணிக்குக் கண்ணி அளவு பிசகாது, பக்கத்தில் இருப்பவரோடு பேச்சும் நிற்காது. வருமானம் நின்றுபோகிற மாதங்கள் அவை, கடன் ஏறும், அதை அழகாக்கிச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கடலுக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கிறோமே என்கிற உறுத்தல் மட்டும் அங்கே கிடையாது. விசைப்படகு வைத்திருக்கும் யாருமே போவதில்லை, அவ்வளவுதான் காரணம். உங்களுக்கோ ஊரே கடலில் இருப்பதாக ஃபேஸ்புக் சொல்லிக்கொண்டே இருக்கிறது. மீன் முட்டையிடும் காலம் என்பதால்தான் தடை என்று சொல்லி இதை எழுத்தோடு இன்னும் கொஞ்சம் இழுத்துக்கட்டலாம். ரொம்ப வசதியாக வந்து உட்காருகிறது, அதனாலேயே விட்டுவிடுகிறேன்.

எழுதாத நாட்களை நீங்களே முன்கூட்டி முடிவு செய்துகொள்ளுங்கள். சனி ஞாயிறு கிடையாது என்றால் கிடையாது, அன்றைக்கு மனசில் வரி ஓடினாலும் சரி.

நம் பக்கத்திலேயே ஒருவர் இருந்தார். ஏழுகிணறு வீராசாமி தெருவில் குடியிருந்த வள்ளலார், அங்கிருந்து திருவொற்றியூர் கோயிலுக்கு நடந்தே போய்வருவார். ஒற்றியூரைப் பற்றி எத்தனையோ பாடல்கள். அவையெல்லாம் திருவருட்பா என்று அச்சில் வந்தது 1867-ல், அவர் சென்னையை விட்டுப் போய்ப் பல வருடம் கழித்து. அதுவும் அன்பர்கள் விடாமல் கேட்டு வாங்கியதால். ஆனால் அவரை நமக்கு அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டாம். அவருக்கு வீட்டுக் கடனும் ஸ்கூல் ஃபீஸும் இல்லை, குடும்பம் நடத்தவும் இல்லை.

குடும்பம் என்றதும் ஒன்று கேட்க வேண்டும். காலை ஐந்திலிருந்து ஏழு வரை நீங்கள் எழுதும்போது வீட்டில் தண்ணீர் பிடிப்பது யார்? அடிபம்பு அடித்துக் குடத்தை நிரப்புவது, பிள்ளையை எழுப்பித் தலை வாரி டிபன் கட்டுவது எல்லாம் யார்? கடிதத்தில் அம்மா வருகிறார், தாத்தா வருகிறார், மகள் வருகிறாள். மனைவி ஒரு வரியிலும் இல்லை. நிதானமான வாழ்க்கை வேண்டும் என்று எனக்கு எழுதுகிற ஆண்கள் பலரிடம் இதைப் பார்க்கிறேன். இவர் நிதானமாக இருப்பதற்காக வீட்டில் இன்னொருவர் ரெண்டு மடங்கு ஓடிக்கொண்டிருப்பார். இரண்டு மணி நேரத்தை ஒன்றாக்குங்கள். மீதி ஒரு மணி நேரம் குடம் தூக்குங்கள். நாவல் தாமதமாகும்தான், ஆகட்டும். மூட்டை தூக்கியவரைப் பற்றி எழுதுகிறவருக்கு அது ஒன்றும் கெடுதல் செய்யாது.

என்னால் எப்படி முடிகிறது என்று கேட்டீர்கள். பெரிய ரகசியமெல்லாம் இல்லை. எழுதி முடிக்கும்வரை என்ன எழுதுகிறேன் என்று யாரிடமும் வாய் திறப்பதில்லை. ரயிலில் போனை எடுப்பதில்லை. புது வண்ணாரப்பேட்டை தாண்டியதும் ரயில் பூமிக்குள் இறங்கிவிடும். அதுவரைக்கும் ஜன்னலில் மொட்டை மாடி, துணிக்கொடி, தண்ணீர்த் தொட்டி. அந்தக் கொஞ்ச தூரத்தைச் சும்மா பார்த்துக்கொண்டு போகலாம். அதிலும் கதை தேட வேண்டாம். நீங்கள் நண்பர்களிடம் சொல்லிவிட்டீர்கள், சரி, இந்த ஜனவரி இல்லை என்று இன்னொரு முறை சொல்லுங்கள். ரெண்டு நாள் கேலி செய்வார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள்.

அத்தியாயத்தை இப்போது எனக்கு அனுப்ப வேண்டாம், தம்பி. நான் நன்றாக இருக்கிறது என்றால் மறுபடியும் அவசரப்படுவீர்கள், குறை சொன்னால் நிறுத்திவிடுவீர்கள். அம்மாவை உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். மூட்டையின் எடை, அன்றைய கூலி இதெல்லாம் எங்கேயாவது தேடிப் பிடித்துவிடலாம். வேலை முடிந்து வந்ததும் தாத்தா வாசலிலேயே என்ன கேட்பார் என்பது அம்மாவிடம்தான் இருக்கிறது. பாதியில் நிறுத்தி, “எங்கப்பா இப்படியெல்லாம் பேசமாட்டாருடா” என்று அவர் சொன்னால், வாதாடாமல் அந்தப் பக்கத்தை அடித்துவிட்டுத் திரும்ப எழுதுங்கள்.