எழுதினதை வாசித்துக் காட்டுங்கள்

அன்புள்ள அண்ணன்,

நான் மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கிறேன், வயது இருபத்தொன்பது. உங்கள் எழுத்தை மூன்று வருஷமாக வாசித்தாலும் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை.

எங்கள் பகுதியில் ஓய்வுபெற்ற பொலிஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் இருக்கிறார். அடுத்த உள்ளூராட்சித் தேர்தலில் அவரை மேயர் வேட்பாளராக நிறுத்த வேண்டும் என்று இளைஞர்கள் நாங்கள் கொஞ்சப் பேர் யோசிக்கிறோம். லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் டொம் பிராட்லியைப் பற்றி அண்மையில் வாசித்தேன். 21 வருஷம் பொலிஸில் இருந்தவர், அதன் பிறகு 20 வருஷம் மேயர். நமக்கும் அப்படி ஒருவர் கிடைத்தால் என்ன? எங்கள் வீட்டு வாசல் வடிகான் அடைத்துக் கிடக்கிறது. மாரிக்கு முதல் அதைத் துப்புரவாக்கச் சொல்லி அம்மா நாலு தரம் அலைந்துவிட்டார், ஒருவரும் காதில் வாங்கவில்லை. இந்த ஊருக்குப் பேச்சு சரிவராது அண்ணன், தடிதான் சரி.

பொலிஸில் இருந்தவர் மேயராக வருவது பற்றி என்ன நினைக்கிறீர்கள்? கட்சியில் கேட்பதா, சுயேச்சைக் குழுவா? அறுபத்து நாலு வயது என்பது கூடிப்போனதா?

இப்படிக்கு,
உங்கள் வாசகன்
(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் அப்பாவின் தையல்கடைப் பெட்டியைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தேன். துருப்பிடித்த கத்தரிக்கோல், அளவு நாடா, பொத்தான் டப்பா, அடியில் ஒரு சைக்கிள் லைசன் தகடு. அந்தக் காலத்தில் துவிச்சக்கர வண்டிக்கும் வருஷா வருஷம் காசு கட்டித் தகடு எடுக்க வேண்டும். அந்தத் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் நீங்கள் எழுதியதை வாசித்தேன். அதனால் இந்தப் பதில் நீங்கள் கேட்டதை விட்டு விலகிப் போகலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயதை விடுங்கள். பிராட்லி பதவியை விட்டு இறங்கும்போது அவருக்கு 75. கட்சியா சுயேச்சையா என்பதை உங்கள் வட்டாரத்துச் சனம் தீர்மானிக்கட்டும், அதில் எனக்கு வேலை இல்லை. ஒன்றை மட்டும் விளங்கிக்கொள்ளுங்கள். நம்முடைய முறையில் சனம் மேயருக்கென்று நேரே வாக்குப் போடுவதில்லை. வட்டாரத்துக்கு 60 வீதம், விகிதாசாரத்துக்கு 40 வீதம் என்று உறுப்பினர்கள் வருகிறார்கள். ஒரு தரப்புக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், அந்த உறுப்பினர்கள் சபையில் வாக்களித்து மேயரைத் தெரிவு செய்கிறார்கள். ஆகவே உங்கள் இன்ஸ்பெக்டர் முதல் நாளே தனக்கு வாக்குப் போடாத கட்சிக்காரரிடம் போய் உட்கார்ந்து பேச வேண்டும். அங்கே எந்தத் தடியைக் கொண்டுபோவார்?

இந்தத் தடி என்ற சொல்தான் எனக்குக் கோபத்தை மூட்டியது. இருபத்தொன்பது வயதுப் பிள்ளை, மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்த பிள்ளை, ஊருக்குத் தடி வேண்டும் என்று எழுதுகிறது. தடியை வைத்துக்கொண்டு யார் யார் இந்த ஊருக்குள் வந்து போனார்கள் என்று உங்கள் அம்மாவிடம் ஒருநாள் கேளுங்கள். சீருடையோடு வந்தார்கள், சீருடை இல்லாமல் வந்தார்கள், நம்முடைய மொழியே பேசிக்கொண்டும் வந்தார்கள். ஒவ்வொருவரும் ஒழுங்கைக் கொண்டுவருவதாகத்தான் சொன்னார்கள். 1994க்குப் பிறகு 2008 வரை பதினான்கு வருஷம் இந்த நகரம் ஒரு சபைத் தேர்தலைக் காணவில்லை. 2023 மார்ச்சில் சபைகள் கலைந்த பிறகு 2025 மே மாதம் வரை மறுபடியும் அதிகாரிகளின் கையில் இருந்தது. சபை இல்லாத காலங்களில் கட்டளைக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. உங்கள் அம்மா போய்ச் சொல்லக்கூடிய ஓர் உறுப்பினர்தான் இல்லை.

இன்னொன்று. மேயர் ஆனதும் அவர் பொலிஸை வைத்து ஊரைத் திருத்துவார் என்று நினைக்கிறீர்களா? மேயரின் கீழ் பொலிஸ் இல்லை. 1987இல் வந்த 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் மாகாண சபைக்கு எழுதிக் கொடுத்த பொலிஸ் அதிகாரமே இன்றுவரை கைக்கு வரவில்லை. மாநகர சபைக்கு எங்கே வரும்? மணிக்கூட்டுக் கோபுரச் சந்தியில் நிற்கும் ஒரு கான்ஸ்டபிளைக்கூட மேயரால் இடம் மாற்ற முடியாது. மேயருக்கு இருப்பது வீதி, வடிகான், குப்பை, தெருவிளக்கு, சந்தை, வீடு வளவுக்கான சோலைவரி. இவற்றில் எதையும் அடித்துச் செய்ய முடியாது. மாரியில் வெள்ளம் ஏறும்போது, வாவித் தண்ணீர் கடலுக்கு ஓட முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்று நடக்கும் கூட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? வயல்காரர் இப்போதே வெட்டு என்பார்கள், வாவியில் தொழில் செய்பவர்கள் பொறு என்பார்கள். இரண்டு பேரின் வயிறும் உண்மை. அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து இரண்டு பேரையும் முழுதாகக் கேட்கப் பொறுமை உள்ளவர்தான் நமக்கு வேண்டும்.

பிராட்லி கதையிலிருந்து நீங்கள் 'பொலிஸ்' என்ற சொல்லை மட்டும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டீர்கள். அந்த மனிதர் டெக்சஸில் குத்தகைக்குப் பருத்தி விளைவித்த குடும்பத்துப் பிள்ளை, அடிமைகளாக இருந்தவர்களின் பேரன். ஏழு வயதில் லொஸ் ஏஞ்சலிஸுக்கு வந்து சேர்ந்தார். 1940இல் பொலிஸில் சேர்ந்தபோது கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே ரோந்து வண்டியில் போக விடமாட்டார்கள். லெப்டினன்ட் வரைக்கும் வந்தார், அதற்கு மேலே கதவு இல்லை. வேலை முடிந்து இரவில் சட்டம் படித்தார், 1961இல் சீருடையைக் கழற்றினார், 1963இல் நகரசபை உறுப்பினரானார். 1969இல் மேயருக்குப் போட்டியிட்டு முதல் சுற்றில் முன்னுக்கு வந்தார். இரண்டாம் சுற்றில், அவர் வந்தால் பொலிஸ் படையே கலைந்துபோகும் என்று எதிராளி பயம் காட்டினார். இருபத்தொரு வருஷம் அதே பொலிஸில் வேலை செய்தவரைப் பற்றித்தான் அந்தப் பேச்சு! தோற்றார். 1973இல் திரும்ப வந்து வென்றார்.

அவரிடமும் தடி இருக்கவில்லை. 1991 மார்ச்சில் ரொட்னி கிங் என்ற கறுப்பரைப் பொலிஸார் வீதியில் போட்டு அடித்த வீடியோ வெளிவந்தபோது, பொலிஸ் தலைவரைப் பதவி விலகச் சொன்னார் பிராட்லி. அந்தத் தலைவர் மறுத்தார், மேயரால் அவரை நீக்க முடியவில்லை. 1992 ஏப்ரலில் அந்தப் பொலிஸார் விடுதலையாகி நகரம் எரிந்தபோது, மேயரும் பொலிஸ் தலைவரும் ஒரு வருஷத்துக்கு மேலாகப் பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள். பொலிஸிலிருந்து வந்த மேயரின் கதையில் இதுவும் ஒரு பாதி. நீங்கள் வாசித்த இடத்தில் இது இருந்திருக்கும். ஏன் தம்பி அதைத் தாண்டிப் போனீர்கள்?

இப்போது அந்தத் தகடு.

1984 என்று நினைவு. கோட்டைமுனைக் கடை வாசலில் பூட்டி வைத்த அப்பாவின் ரலி சைக்கிள் களவு போனது. அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு என்ட்ரி போடப் போனார். எந்த நிலையம் என்பது இங்கே தேவையில்லை. மேசையில் இருந்தவர் அப்பா சொன்னதைக் கேட்டார், தனக்குத் தெரிந்த தமிழில் இரண்டு கேள்வி கேட்டார், பெரிய புத்தகத்தில் சிங்களத்தில் எழுதினார். கீழே விரலை வைத்துக் காட்டினார். அப்பா வடிவாகக் கையெழுத்துப் போடுவார். அன்றைக்கும் வடிவாகப் போட்டார்.

மூன்று மாதத்துக்குப் பிறகு சைக்கிள் வாழைச்சேனைப் பக்கம் பிடிபட்டது. வழக்குக்கு வந்தது. பிடிபட்டவன், "அவர்தான் எனக்குத் தந்தார்" என்றான். மொழிபெயர்ப்பாளர் அப்பாவின் வாக்குமூலத்தை எடுத்துத் தமிழில் வாசித்தார். தெரிந்த ஒருவருக்குச் சைக்கிளைக் கொடுத்ததாகவும் அவர் திருப்பித் தரவில்லை என்றும் அதில் இருந்தது. தான் சொன்னதாக எழுதப்பட்டதை அப்பா தன் காதால் கேட்டது அதுதான் முதல் தரம். "நான் இப்படிச் சொல்லல்லயே" என்றார். கையெழுத்து யாருடையது என்று கேட்டார்கள். என்னுடையதுதான் என்றார். அதோடு வழக்கு முடிந்தது. வீட்டுக்கு நடந்துதான் வந்தோம். வழியில் அப்பா ஒரு சொல்லும் பேசவில்லை. அந்தத் தகட்டை மட்டும் ஏன் வைத்திருந்தார் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.

சில நாள் கழித்து, இரவு கடை பூட்டும் நேரம், சாரத்தோடு ஒருவர் வந்தார். அந்த நிலையத்தில் சுவரோரம் நின்ற வயதான கான்ஸ்டபிள், காத்தான்குடி முஸ்லிம். கையில் தைக்க ஒன்றும் இல்லை. "அண்ணன், அண்டைக்கு நானும் அங்கதான் நிண்ட. அந்தாள் எழுதினது எனக்கு விளங்கின. வாய் துறக்கல்ல. மன்னிச்சிக்கங்க" என்றார். அப்பா அவரை உள்ளே கூப்பிட்டு, தான் உட்காரும் வாங்கில் இருத்தித் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். "காக்கா, நீங்க வந்து சொன்னதே போதும்" என்றார். போதாது என்று அந்த மனிதருக்குத் தோன்றியிருக்கிறது. அதன் பிறகு அவர் வேலையில் நிற்கும் நேரத்தில் யார் என்ட்ரி போட வந்தாலும், கையெழுத்துக்கு முதல் முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்டத் தொடங்கினார். ஒரு வருஷத்துக்குள் மாற்றம் வந்தது, தூர இடத்துக்கு. அங்கிருந்தே ஓய்வுபெற்றார்.

திரும்பி வந்தவர் ஒரு மேசை, ஒரு குடை, ஒரு கட்டுத் தாளோடு கச்சேரிப் (மாவட்டச் செயலகம்) பக்கம் மர நிழலில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்தார். 1990 ஜூனில் கிழக்கில் விடுதலைப் புலிகளிடம் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸார் கொல்லப்பட்டார்கள். சிங்களவர், முஸ்லிம்கள். அவரோடு வேலை செய்த பிள்ளைகள் அதில் இருந்தார்கள். அந்த ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில், தொழுதுகொண்டிருந்த நூறு பேருக்கு மேல் சுடப்பட்டார்கள். அதற்குப் பிறகு அவர் தமிழருக்கு எழுத மாட்டார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். கொஞ்சக் காலம் மரத்தடி வெறுமையாகக் கிடந்தது. பிறகு மேசை திரும்ப வந்தது. பிள்ளையைக் காணவில்லை என்று வந்த தமிழ்த் தாய்மாருக்கு அவர் எழுதினார். எழுதி முடித்து, மூக்குக்கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் விட்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்துக் காட்டுவார். "சரியா மகள்? இதுதானே நீங்க சொன்ன?" இல்லை என்று தலையாட்டினால் தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுவார். இரண்டாம் தாளுக்குக் காசு வாங்கமாட்டார்.

ஒரு ஊரின் தலைமைக்குப் பொலிஸ் வேலை என்ன பயிற்சி தரும் என்று என்னிடம் கேட்டால், நான் அந்த மேசையைத்தான் காட்டுவேன். பொலிஸ்காரரிடம் வராத மனிதக் கஷ்டம் இல்லை. நடுச்சாமத்தில் அடிவாங்கிய மனைவி வருகிறாள், மாடு களவு போனவன் வருகிறான், வேலிச் சண்டை வருகிறது. முப்பது வருஷம் அந்தப் புத்தகத்துக்குப் பின்னால் இருந்தவர் ஊரின் உள்ளெல்லாம் அறிந்திருப்பார். அறிந்ததை என்ன செய்தார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சொன்னவரின் சொல்லைச் சொன்னபடி எழுதினாரா, எழுதியதை அவருக்கு விளங்கும் மொழியில் திருப்பிக் கேட்கவைத்தாரா? தமிழும் ஆட்சிமொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதியாயிற்று. வடக்குக் கிழக்கில் நிர்வாகமொழி தமிழ் என்று அடுத்த வருஷமே 16ஆவது திருத்தம் உறுதிசெய்தது. ஆனால் விளங்காத தாளில் கையெழுத்து வைத்துவிட்டு வரும் சனத்தை நான் இன்றைக்கும் சந்திக்கிறேன். தமிழில் எழுதிய தாளாக இருந்தாலும், முத்திரை குத்தி நீட்டும் அவசரத்தில் யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. இதைப் பற்றி நான் எத்தனை தரம் எழுதிவிட்டேன் என்று பழைய வாசகர்கள் சலித்துக்கொள்வார்கள். சலிக்கட்டும். இன்னும் எழுதுவேன்.

உங்கள் அம்மா நாலு தரம் அலைந்தாரே, அவர் சொன்னதை யாராவது ஒரு தாளில் எழுதினார்களா? எழுதிய தாளுக்கு ஒரு இலக்கம் கொடுத்தார்களா? கோபத்தில் இதைக் கேட்க உங்களுக்குத் தோன்றவில்லை, தடியைத்தான் நினைத்தீர்கள். அம்மா வெயிலில் நடந்ததைப் பார்த்த பிள்ளைக்குக் கோபம் வராமல் இருந்தால்தான் எனக்குக் கவலை. அந்தக் கோபத்தை வீணாக்காதீர்கள் என்றுதான் இவ்வளவு ஏசுகிறேன்.

அந்த இன்ஸ்பெக்டரை எனக்குத் தெரியாது, நல்லவராக இருக்கலாம். ஒரு பின்னேரம் அவர் வீட்டுக்குப் போங்கள். நண்பர்கள் பட்டாளம் வேண்டாம், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். வடிகான் விஷயத்தை நீங்கள் சொல்ல வேண்டாம், அம்மாவே சொல்லட்டும். இன்ஸ்பெக்டர் பேனாவை எடுக்கிறாரா என்று பாருங்கள். எடுத்தால், எழுதி முடித்த பிறகு என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்