கருங்கோழிக்குக் கருப்பேற்றும் பொடியா?

கேள்வி: நான்கு மாதங்களுக்கு முன் ஒரு புரோக்கரிடம் 30 கடக்நாத் (கருங்கோழி இனம்) குஞ்சுகள் வாங்கினேன். இப்போது சிலவற்றின் கழுத்தில் பொன்னிற இறகு, இரண்டின் சிறகில் வெள்ளை. தீவனம் போதவில்லை என்று நிறமேற்றும் பொடி வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். கடக்நாத்தின் தோல், கறி, எலும்பு எல்லாம் கருப்பாக இருப்பது பிறவிக் குணம். முட்டைக்குள்ளேயே முடிவாகிவிட்ட அந்தக் கருநிறத்தை எந்தப் பொடியும் கூட்டாது. மஞ்சள் மக்காச்சோளமும் முருங்கைக்கீரையும் போட்டால் மஞ்சள் கருவின் நிறம் கூடும், அவ்வளவுதான்.

கழுத்தில் பொன்னிறம் இருப்பதால் மட்டும் கலப்பு என்று பயப்பட வேண்டாம். கடக்நாத்திலேயே பொன்னிற இறகு வகை உண்டு. இறகு வேறு, தோல் வேறு. சில்கி கோழியைப் பாருங்கள்: வெள்ளை இறகுக்கு அடியில் கருந்தோல். எனவே நாக்கு, கால், இறகுக்கடித் தோல் இவற்றைப் பாருங்கள். அவை வெளிறியிருந்தால் கலப்புதான்.

வெள்ளை இறகு விஷயத்தில் மட்டும் தீவனத்துக்குப் பங்கு இருக்கலாம். குஞ்சுப் பருவச் சிறகில் வெள்ளை இருப்பது சகஜம், இறகு மாறும்போது போய்விடும். அப்புறமும் புதிதாக வெள்ளை வந்தால் என்ன போடுகிறீர்கள் என்று யோசியுங்கள். அரிசிக் குருணையும் கடலைப் புண்ணாக்கும் மட்டும் என்றால் லைசின் என்ற புரதச் சத்து குறையும், அதில் இறகு நிறமிழக்கும். சோயாப் புண்ணாக்கோ கருவாட்டுத் தூளோ சேர்த்தால் சரியாகும். ஆனால் வெளுத்த இறகு திரும்பக் கருக்காது. அது உதிர்ந்து புதிது முளைக்கும்வரை பொறுக்க வேண்டும். இந்த இடைவெளியில்தான் பொடி விற்பவர் "பார்த்தீர்களா, வேலை செய்கிறது" என்பார்.

இன்னொரு ஏமாற்று: கடக்நாத் சேவலை நாட்டுப் பெட்டையோடு சேர்த்தாலும் முதல் தலைமுறையில் நிறைய குஞ்சுகள், முக்கியமாகப் பெட்டைகள், கருப்பாகவே வரும். அசல் விலைக்கு விற்றுவிடுவார்கள். அடுத்த தலைமுறையில்தான் சாயம் வெளுக்கும். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா கடக்நாத் கறிக்கு 2018-இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். ஆனால் ஊர் ஊராக வேனில் வரும் குஞ்சை யார் சோதிக்கிறார்கள்? அரசுப் பண்ணையில் கேட்டால் முன்பதிவு செய்துவிட்டுக் காத்திருங்கள் என்கிறார்கள், புரோக்கர் அதில் பிழைக்கிறார்.

அடுத்த முறை தாய்க்கோழிகளையும் சேவலையும் நேரில் காட்டச் சொல்லி, வாயைத் திறந்து நாக்கைப் பார்த்து வாங்குங்கள். கருப்பு முட்டை காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். கடக்நாத் இடுவது வெளிர் பழுப்பு முட்டைதான்.