கூற்றை மறைத்துவிட்டுப் படித்த நாட்கள்

கேள்வி: இலக்கியத்தை ரசித்துப் படிக்க வைத்த, இன்று உயிருடன் இல்லாத நண்பர்கள் உங்களுக்கு உண்டா?

உண்டு, இரண்டு பேர். இருவருமே தமிழாசிரியர்கள் அல்லர். ஒருவர் வாழ்நாளெல்லாம் கணக்கெழுதிப் பிழைத்தவர். வயதில் மிக மூத்தவர் என்பதால் எங்களுக்கு அவர் ஐயா. இன்னொருவர் செவிலியராக வேலை பார்த்த அக்கா. இரவுப் பணி முடித்துத் தூக்கக் கலக்கத்தோடு வந்தாலும் பாட்டு என்றால் விழித்துக்கொள்வார்.

செய்யுள் என்றாலே மனப்பாடப் பகுதி என்று பள்ளியில் பழகிவிட்டவர்கள்தான் நம்மில் பெரும்பாலோர். அடி பிறழாமல் எழுதினால் மதிப்பெண்; பாட்டில் என்ன நடக்கிறது என்று யார் கேட்டார்கள்? ஐயா அதை மட்டும்தான் கேட்பார்.

குறுந்தொகையில் ஒவ்வொரு பாட்டுக்கும் கூற்றுக் குறிப்பு ஒன்று உண்டு: தலைவி தோழிக்குச் சொன்னது, தோழி தலைவனுக்குச் சொன்னது என்று. ஐயா அந்த வரியை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, சொற்களைப் பிரித்து நிதானமாகப் படிப்பார். பிறகு, "யார் பேசுகிறார்கள்? யாரிடம்?" என்பார். பேசுவது தலைவியா, தோழியா, செவிலி என்னும் வளர்ப்புத்தாயா என்று முட்டி மோதிக்கொண்டிருப்போம். கையை எடுத்துக் குறிப்பைக் காட்டினாலும் வழக்கு முடியாது. அந்தக் குறிப்புகள் பாடிய புலவர்கள் எழுதியவை அல்ல, பின்னால் சேர்ந்தவை என்பதே பொதுவான கருத்து. ஆகவே அதையும் மறுத்துப் பேசலாம் என்று அவரே எடுத்துக்கொடுப்பார். தோற்றவருக்கும் மேல்முறையீடு உண்டு!

கபிலர் பாடிய 25ஆம் பாட்டில் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஐந்தே அடி. அவன் என்னைக் கூடியபோது அங்கே வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான். அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள் தலைவி. அதோடு நிறுத்தாமல், ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு, தினைத்தாள் போன்ற மெல்லிய கால்களோடு ஒரு குருகுப் பறவையும் நின்றது என்கிறாள்.

"சாட்சி மீனைப் பார்த்துக்கொண்டிருந்ததாம். இதை வைத்துக்கொண்டு எந்தச் சபையில் போய் நிற்பாள்?" என்று சிரித்தார் ஐயா.

அக்கா விடவில்லை. "அது சாட்சியே இல்லை ஐயா. இரை வரும்வரை ஆடாமல் அசையாமல் நிற்கிறதே, அது யாரென்று தெரியவில்லையா?"

"கள்வன் என்று முதல் அடியிலேயே சொல்லிவிட்டாளே அம்மா. பிறகு எதற்கு இரண்டாம் முறை?"

"வயிற்றெரிச்சலில் இருப்பவள் ஒரு முறை திட்டிவிட்டு நிறுத்துவாளா?"

ஐயாவிடம் பதில் இல்லை. கபிலர் அவளைக் கேட்டுவிட்டு எழுதவில்லை என்று முணுமுணுத்ததாக ஞாபகம்.

அக்காவுக்குக் கம்பன் பைத்தியம். மேடைதோறும் கம்பன் தலையில் கட்டப்படும் 'கடன்பட்டார் நெஞ்சம் போல்' என்ற வரியை யாராவது சொன்னால், "எந்தக் காண்டம், எந்தப் படலம்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். சொன்னவர் புரட்டோ புரட்டென்று புரட்டுவார். கிடைக்காது, அந்த வரி கம்பராமாயணத்தில் இல்லையே. ஆனால் தேடப்போனவர் வழியில் நல்ல பாட்டு பத்தையாவது படித்திருப்பார். அக்காவின் உள்நோக்கமும் அதுதான். கம்பனைக் கொண்டாடிய ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (டி.கே.சி., 1882–1954) கம்பனில் பல பாட்டுகளை இடைச்செருகல், அதாவது பிறர் பின்னால் நுழைத்தவை, என்று ஒதுக்கியதுதான் இருவருக்கும் தீராத சண்டை. ரசிகனுக்கு அந்த உரிமை உண்டு என்பது அக்காவின் கட்சி. பிடிக்காததையெல்லாம் பேரேட்டிலிருந்து அடித்துவிட்டால் கணக்கு எப்படி நேராகும் என்பது ஐயாவின் கட்சி. நான் அப்போதும் இப்போதும் ஐயா பக்கம்.

அக்காதான் முதலில் போனார். அடுத்து நாங்கள் கூடியபோது ஐயா ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. புறநானூற்றில் 235ஆம் பாட்டை எடுத்தார். அதியமான் இறந்தபோது ஔவை பாடியது. சிறிதளவு கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் மகிழ்ந்து உண்பான் என்று தொடங்கும். அவன் மார்பைத் துளைத்த வேல் அங்கே நிற்கவில்லை; பாணர்களின் உண்கலத்தைத் துளைத்து, இரப்பவர் கைகளைத் துளைத்து, சுற்றத்தாரின் கண் ஒளியை மழுக்கி, கடைசியில் புலவர்களின் நாவில் போய் விழுந்தது என்கிறாள் ஔவை. அந்த இடம் வரை படித்தார். அன்று யாரும் வாதாடவில்லை. பிற்பாடு ஐயாவும் போய்விட்டார்.

இப்போது என் அலமாரியில் உரைகளுக்குப் பஞ்சமில்லை. சந்தேகம் வந்தால் தீர்த்துக்கொள்கிறேன். ஆனால் சந்தேகத்தைக் கிளப்பிவிட ஆள் இல்லை.

நீங்கள் புதிதாகத் தொடங்குவதாக இருந்தால் அகநானூற்றை முதலில் எடுக்காதீர்கள். 13 முதல் 31 அடி வரை நீளும், மூச்சு முட்டும். குறுந்தொகையில் பெரும்பாலும் நான்கிலிருந்து எட்டு அடிதான். கூற்றை மறைத்துக்கொண்டு இன்னொருவரோடு சேர்ந்து படியுங்கள். நீங்கள் சொல்வதற்கெல்லாம் அவர் உடனே தலையாட்டினால், வேறு ஆளைப் பாருங்கள்.