தொண்டைத் தொற்றும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: கல்ச்சர் (தொண்டையிலிருந்து எடுத்த பாக்டீரியாவை வளர்த்துச் சோதிக்கும்) அறிக்கையில் பெனிசிலினுக்குக் கட்டுப்படும் என்றிருந்தும், தொண்டைத் தொற்று திரும்பத் திரும்ப வருவது ஏன்?

பதில்: அறிக்கை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தொண்டை அழற்சிக்கு முதன்மையான பாக்டீரியாவான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பையோஜெனிஸ், பெனிசிலின் புழக்கத்துக்கு வந்து 80 ஆண்டுகள் கடந்த பின்னும், அதற்கு முழு எதிர்ப்பைப் பெறவில்லை. ஆனால், ஆய்வகம் சோதிப்பது தட்டில் விரைந்து பெருகும் பாக்டீரியாவை. டான்சில் குழிகளில் இருப்பதோ புரதமும் சர்க்கரைச் சேர்மங்களும் டிஎன்ஏவும் கலந்த பசைக்குள் ஒட்டிக்கிடக்கும் கூட்டம். இதுவே உயிர்ப்படலம். இதன் ஆழத்தில் ஊட்டம் குறைவதால் பல செல்கள் பெருகுவதை நிறுத்திவிடுகின்றன. பெனிசிலின் செல்சுவர் கட்டப்படுவதைக் குலைத்தே கொல்கிறது என்பதால், சுவரே கட்டாத செல்லிடம் அதன் ஆற்றல் செல்வதில்லை. அருகில் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற பிற பாக்டீரியாக்கள் பீட்டா லாக்டமேஸ் நொதியைச் சுரந்து மருந்தைச் சிதைப்பதும் உண்டு. இன்னொன்றையும் மறக்கக் கூடாது: சிலர் இந்தப் பாக்டீரியாவை நோயின்றிச் சுமந்திருப்பார்கள், அவர்களுக்கு வைரஸால் வரும் தொண்டைவலியும் பாக்டீரியாவின் கணக்கில் எழுதப்பட்டுவிடும்.

கேள்வி: அப்படியானால் உயிர்ப்படலமும் மருந்து எதிர்ப்பும் ஒன்றுதானா?

பதில்: இல்லை. எதிர்ப்பு மரபணுவில் எழுதப்பட்டது. எடுத்துக்காட்டாக, இஆர்எம் எனப்படும் மரபணுக்கள், செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமை மாற்றியமைப்பதால் எரித்ரோமைசின், அசித்ரோமைசின் ஆகிய மருந்துகள் அங்கே பற்ற முடிவதில்லை. இப்பண்பு வழித்தோன்றல்களுக்கும் செல்கிறது. படலம் தருவது தற்காலிகத் தாங்குதிறன். அதிலிருந்து பிரிந்து மீண்டும் பெருகத் தொடங்கும் செல், பொதுவாகப் பழையபடி மருந்துக்குப் பணியும். இவ்வேறுபாடு முக்கியமானது, ஏனெனில் படலத்தால் நீடிக்கும் தொற்றை எதிர்ப்பென்று கருதி மேலும் வீரியமான மருந்துக்குத் தாவினால், பயன் கிட்டாமல் உண்மையான எதிர்ப்பு வளர இடம் கொடுத்துவிடுவோம்.

கேள்வி: உயிர்ப்படலத்தை எப்படிக் கண்டறிகிறார்கள்?

பதில்: சிறுகுழித் தட்டில் பாக்டீரியாவை வளர்த்து, ஒட்டாதவற்றைக் கழுவி நீக்கி, எஞ்சியதைக் கிரிஸ்டல் வயலட் சாயத்தால் நிறமூட்டி, நிறத்தின் அடர்த்தியை அளக்கிறார்கள். இது ஆய்வுக்குரிய முறை. வழக்கமான மருத்துவ அறிக்கையில் இதை எதிர்பார்க்க இயலாது.

கேள்வி: மூன்றாம் நாளே வலி நின்றுவிட்டால் மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றுக்கு வாய்வழிப் பெனிசிலின் வழக்கமாக 10 நாள்கள் தரப்படுவது, தொண்டையிலிருந்து அதை முற்றாக அகற்றி, இதய வால்வுகளைச் சிதைக்கக்கூடிய வாதக் காய்ச்சலைத் தடுப்பதற்காகத்தான். மருந்தையும் காலத்தையும் மாற்றுவது மருத்துவரின் முடிவு.