புளூபெர்ரி காப்ஸ்யூல் எடையைக் குறைக்குமா?

கேள்வி: எனக்கு வயது 42. உயரம் 158 செ.மீ., எடை 84 கிலோ. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு சாப்பிடுகிறேன். புளூபெர்ரி எக்ஸ்ட்ராக்ட் 500 மி.கி. காப்ஸ்யூலை இரண்டு வேளை சாப்பிட்டால் உடம்பு இளைக்கும் என்கிறார்கள். சாப்பிடலாமா டாக்டர்?

பதில்: எடை குறைப்பதற்காக என்றால் வேண்டாம் அம்மா.

இந்தப் பேச்சு கிளம்பியது எலிகளிடமிருந்து. கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்து வளர்த்த எலிகளுக்கு, பெர்ரிக்கு நிறம் தரும் ஆந்தோசயனினைப் பிரித்துக் கொடுத்தபோது சில ஆய்வுகளில் எடை ஏறுவது மட்டுப்பட்டது. மனிதர்களிடம் அந்த அளவுக்குப் பலன் தெரியவில்லை. ஆந்தோசயனினில் மிகச் சிறு பங்குதான் அப்படியே ரத்தத்தில் சேரும். மீதி பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்களால் வேறு பொருள்களாக மாறிவிடும்.

பலனே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், உடல் பருமனும் இன்சுலின் எதிர்ப்பும் (இன்சுலின் சுரந்தும் உடலில் சரியாக வேலை செய்யாத நிலை) உள்ள 32 பேரில் ஒரு பிரிவினர் தினமும் 45 கிராம் உலர்த்திய புளூபெர்ரிப் பொடியை 6 வாரம் சாப்பிட்டார்கள். அவர்களுக்கு இன்சுலின் வேலை செய்யும் திறன் கூடியது, எடை குறையாமலே. ஆனால் 45 கிராம் என்பது சுமார் இரண்டு கப் பழம். உங்கள் காப்ஸ்யூலில் இருப்பது வெறும் பழப்பொடி என்றால், அந்த அளவுக்கு நாளொன்றுக்கு 90 விழுங்க வேண்டும்! செறிவூட்டிய சாறு என்றால் ஆந்தோசயனின் எத்தனை சதவீதம் என்று லேபிளில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. "இளைக்க வைக்கும் கலவை" என்று விற்பவற்றில் கிரீன் டீ சாறு, கார்சீனியா (குடம்புளிச் சாறு) சேர்ந்திருந்தால் தொடவே வேண்டாம். இரண்டுமே சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கின்றன.

பழமாகச் சாப்பிடுவது நல்லது. ஒரு கப் புளூபெர்ரியில் சுமார் 85 கலோரி, 15 கிராம் சர்க்கரை, மூன்றரை கிராம் நார்ச்சத்து. இனிப்புப் பலகாரத்துக்குப் பதிலாகச் சாப்பிட்டால் லாபம். அதோடு சேர்த்துச் சாப்பிட்டால் எடை கூடத்தான் செய்யும். ஜூஸாக வடிகட்டினால் நார் போய்விடும், சர்க்கரை மட்டும் மிஞ்சும். ஜாமைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

காப்ஸ்யூலை நம்பிச் சாப்பாட்டைத் தவிர்ப்பதுதான் உங்களுக்குப் பெரிய ஆபத்து. கிளிமிபிரைடு போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே பரிசோதியுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் எடுத்துக்கொண்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மருந்து சாப்பிடுபவர்கள், எந்த பெர்ரி எக்ஸ்ட்ராக்டையும் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது.

இன்னொன்று. கிளிமிபிரைடே எடையைக் கூட்டக்கூடிய மருந்து. உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உங்கள் பி.எம்.ஐ. 33.6; இது உடல் பருமன். எடையைக் குறைக்க உதவும் எஸ்ஜிஎல்டி-2 அல்லது ஜிஎல்பி-1 வகை மருந்துக்கு மாற முடியுமா என்று உங்கள் சர்க்கரை நோய் மருத்துவரிடம் கேளுங்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அறிக்கைகளைக் கையோடு கொண்டுபோங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.